கிட்டத்து ஆஸ்பத்திரியா, பெரியாஸ்பத்திரியா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டொக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவன். எங்கள் பகுதியில் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரியின் அபிவிருத்திக் குழுவில் என் பெயரையும் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து தேத்தண்ணிக் கடையிலும் கோயில் வீதியிலும் பஸ்ஸிலும் ஆட்கள் பிடித்து நிறுத்தி ஆஸ்பத்திரி விஷயம் கேட்கிறார்கள். சுற்றிச் சுற்றி அதே பத்துப் பதினைந்து கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவைத்தால் வசதி என்று பட்டது. எந்த வருத்தத்துக்கு எந்தக் குளிசை என்று இதில் தேடவேண்டாம். அந்தக் குளிசை நம் ஊருக்கு எப்படி வருகிறது, ஏன் சிலவேளை வராமல் போகிறது என்பதுதான் இதில் இருக்கிறது.

"ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு" என்று கூட்டங்களில் சொல்கிறார்களே, அது என்ன?

வருத்தம் வந்ததும் முதலில் போய் நிற்கிற இடமும், வருத்தம் வராமல் பார்த்துக்கொள்கிற ஆட்களும் சேர்ந்ததுதான் அது. நம் நாட்டில் இந்த இரண்டும் இரண்டு கைகளாக வளர்ந்தன. ஒரு கை மருந்து கொடுக்கும்: பழைய டிஸ்பென்சரிகள், கிராமத்து ஆஸ்பத்திரிகள். மற்றக் கை தடுக்கும்: எம்.ஓ.எச். பணிமனை, அதாவது சுகாதார வைத்திய அதிகாரி, பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீட்டுக்கு வரும் மிட்வைஃப் அம்மா. தடுக்கும் கை மிகப் பழையது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவுதான் அதற்கு முன்மாதிரி.

அந்தத் தடுக்கும் கை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு மிட்வைஃப் என்பது கணக்கு. எந்த வீட்டில் யார் பிள்ளைத்தாய்ச்சி, எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பிந்திவிட்டது என்பதெல்லாம் அவருடைய கொப்பியில் இருக்கும். திரிபோஷா என்ற சத்து மாவும் அவர் வழியாகத்தான் வருகிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவர் படியேறி வருகிற அதே வீட்டின் திண்ணையில், பத்து வருடமாகச் சீனி வருத்தத்தோடு தாத்தா ஒருவர் இருக்கிறார். காலில் புண். அவருடைய பெயர் எந்தக் கொப்பியிலும் இல்லை. அவரைத் தேடி எவரும் வருவதில்லை, அவராகப் போனால்தான் உண்டு. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் செய்ததை அந்தத் தாத்தாவுக்கும் செய்யவேண்டும் என்பதுதான் இப்போது பேசப்படும் சீர்திருத்தத்தின் சாரம். மற்றதெல்லாம் அலுவலகப் பாஷை.

ஆஸ்பத்திரிகளில் எத்தனை வகை? பெயர்ப்பலகையைப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை.

கீழிருந்து மேலே சொல்கிறேன். ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையம்: கட்டில் கிடையாது, வெளிநோயாளருக்கு மட்டும். அதற்கு மேலே பிரதேச வைத்தியசாலை: வோட் உண்டு, விசேட வைத்திய நிபுணர் இல்லை. கட்டில் கணக்கைப் பொறுத்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். அப்புறம் ஆதார வைத்தியசாலை. கிண்ணியா, மூதூர், கந்தளாய் எல்லாம் இந்த வகை. இங்கேதான் நிபுணர்கள் தொடங்குகிறார்கள். அதற்கு மேலே மாவட்டப் பொது வைத்தியசாலை, நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்வது. அங்கும் முடியாதென்றால் மட்டக்களப்பு, கண்டி, கொழும்பு என்று அனுப்புவார்கள்.

டொக்டரின் கடிதத் துண்டு ஒன்றும் இல்லாமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போகக்கூடாதா?

போகலாம். தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. இலங்கையில் யாரும் எந்த அரச ஆஸ்பத்திரியின் ஓ.பி.டி.க்கும், அதாவது வெளிநோயாளர் பிரிவுக்கும், நேரே போகலாம். சில நாடுகளில் முதலில் குடும்ப வைத்தியர், அவர் கடிதம் தந்தால்தான் பெரிய இடம் என்று இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. அது நல்லது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்லமாட்டேன். ஒரு திங்கட்கிழமை என் மனைவியின் பிரஷர் குளிசைக்காகப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் காலை ஆறரைக்கு வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் தடிமன்காரர் இருந்தார், முதுகு நோவு இருந்தது, காது குத்து இருந்தது, மருத்துவச் சான்றிதழுக்கு வந்த பையன் இருந்தான். பதினொன்றரைக்கு எங்கள் முறை வந்தது. டொக்டர் எங்களுக்குத் தந்த நேரத்தை நான் மணிக்கூட்டில் பார்த்தேன். இரண்டு நிமிடம் கூட இல்லை. அவரில் பிழை சொல்லமுடியாது, பின்னால் நிற்கிற வரிசையை அவரும் பார்க்கிறார். அன்று பின்னேரம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிப் பக்கமாக வந்தேன். அங்கே டொக்டர் கதிரையில் தனியாக இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அதே பிரஷர் குளிசை அங்கேயும் இருந்தது.

அப்படியானால் சனம் ஏன் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை?

சனத்தை முட்டாள் என்று நினைத்துச் சிலர் பேசுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. சனம் கணக்குப் போட்டுத்தான் நடக்கிறது. ஊர் ஆஸ்பத்திரி வழக்கமாகக் காலை எட்டு முதல் பன்னிரண்டு, பின்னேரம் இரண்டு முதல் நான்கு. கூலி வேலைக்குப் போகிறவனும் வயலுக்குப் போகிறவனும் அந்த நேரத்தில் எப்படி வருவான்? இரத்தம் பரிசோதிக்க லாப் இல்லை. டொக்டர் இடமாற்றம் கிடைத்துப் போனால் அடுத்தவர் எப்போது வருவார் என்று சொல்லமுடியாது. மூன்று தடவை போய் மூன்று தடவையும் "நகரத்துக்குப் போங்கள்" என்று சொன்னால், நாலாம் தடவை நேரே நகரத்துக்குத்தான் போவார்கள்.

நம் மாவட்டத்தில் தூரம் என்பது வேறு கணக்கு. புல்மோட்டையிலிருந்து திருகோணமலை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை கிண்ணியாச் சனம் பாதையில், அதாவது அந்த மிதவைப் படகில், கடந்துதான் நோயாளியைக் கொண்டுவந்தது. மூதூரிலிருந்து லாஞ்சியில் கொட்டியாரக் குடாவைக் கடக்கவேண்டியிருந்தது, இல்லாவிட்டால் அல்லை, கந்தளாய் என்று சுற்றிவரவேண்டியிருந்தது. வெருகல் பக்கத்துக்கு இதைவிடக் கஷ்டம். பாலங்கள் வந்தன, பஸ் வந்தது. பழைய கஷ்டம் குறைந்தது உண்மை. கூடவே ஒரு பக்கவிளைவும் வந்தது: நகரத்துக்குப் போவது சுலபமானதும் ஊர் ஆஸ்பத்திரி இன்னும் வெறிச்சோடியது.

சரி, சீர்திருத்தம் என்றால் என்னதான் செய்யப்போகிறார்கள்?

2018இல் அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. எல்லோருக்கும் சுகாதாரச் சேவை எட்டவேண்டும் என்பது தலைப்பு. அதே வருடம் ஆரம்பப் பராமரிப்பைப் பலப்படுத்த உலக வங்கியிடம் 20 கோடி டொலர் கடனும் வாங்கினார்கள். அதன்படி ஒரு நிபுணத்துவ ஆஸ்பத்திரியும் அதைச் சுற்றியுள்ள சிறிய ஆஸ்பத்திரிகளும் ஒரு கொத்தாக இயங்கவேண்டும். கீழே இருப்பவர் மேலே அனுப்புவார். மேலே பார்த்து முடித்ததும் நோயாளியைக் கடிதத்தோடு திரும்பக் கீழே அனுப்பவேண்டும். இப்போது மேலே போவது மட்டும் நடக்கிறது, திரும்பி வருவது குறைவு. ஒருமுறை நகரத்துக் கிளினிக்கில் பெயர் விழுந்தால் ஆயுசுக்கும் அங்கேதான்.

அடுத்தது, கிராம சேவகர் பிரிவுகளை வைத்து, இந்தப் பிரிவுச் சனம் இந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பு என்று பிரித்துப் பதிவது. ஒவ்வொருவருக்கும் ஒரு சுகாதார இலக்கம், ஒரு பதிவேடு. ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு குடும்ப வைத்தியர் என்பது இலக்கு. சிறிய ஆஸ்பத்திரியிலும் அத்தியாவசிய மருந்தும் அடிப்படை இரத்தப் பரிசோதனையும் இருக்கவேண்டும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இதில் பெரிய விஷயம் கட்டிடமும் இல்லை, கணினியும் இல்லை. "பொறுப்பு" என்ற அந்த ஒரு சொல்தான். இதுவரை ஆஸ்பத்திரி வந்தவரைப் பார்த்தது. வராதவரைப் பற்றி யாருக்கும் கணக்கில்லை. இன்னின்ன 5,000 பேர் உன் பொறுப்பு என்று பெயரோடு எழுதிக் கொடுத்தால், அதில் எத்தனை பேர் பிரஷரோடு குளிசை எடுக்காமல் திரிகிறார்கள் என்ற கேள்வி முதல்முறையாக எழும். கொள்கை வந்து இரண்டு வருடத்தில் கொரோனா, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி. ஆகவே காகிதத்தில் இருப்பதில் கொஞ்சம்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஊர் ஆஸ்பத்திரியில் பதிந்தால் பிறகு வேறு ஆஸ்பத்திரிக்குப் போக விடமாட்டார்களாமே?

இல்லை. பதிவு யார் உங்களைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதற்கு. உங்களைக் கட்டிப்போடுவதற்கில்லை.

வைத்தியம் இலவசம் என்கிறார்கள். பிறகேன் மாதாமாதம் இவ்வளவு செலவு?

அரச ஆஸ்பத்திரியில் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. 1971இல் ஓ.பி.டி.க்கு 25 சதம் கட்டணம் வைத்தார்கள். சதம்தான், ரூபா இல்லை. அதற்கே ஆட்கள் வருவது குறைந்தது. 1977இல் அதையும் எடுத்துவிட்டார்கள். 25 சதம் ஒரு ஏழையை வாசலில் நிறுத்தும் என்பது அப்போதே நிரூபணமான விஷயம்.

இன்று வாசலில் பணம் வாங்குவதில்லை. ஆனால் பஸ் காசு, திரும்பி வர ஓட்டோ, ஒருநாள் கூலி நட்டம், கூட வருகிற மகளின் ஒருநாள் கூலி, வெளியில் எடுக்கச் சொன்ன இரத்தப் பரிசோதனை, மத்தியானச் சோற்றுப் பார்சல் இதெல்லாம் 25 சதத்தை விட எத்தனை மடங்கு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். அதனால்தான் சின்ன வருத்தத்துக்கு ஆட்கள் பின்னேரம் தனியார் கிளினிக்குக்குப் போகிறார்கள். நாடு முழுவதும் பார்த்தால் வோட்டில் படுக்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் அரச ஆஸ்பத்திரியில், ஆனால் வெளிநோயாளராகக் காட்டுகிறவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் தனியாரிடம். காலையில் அரசில் பார்க்கிற அதே டொக்டரைத்தான் பின்னேரம் காசு கொடுத்துப் பார்க்கிறோம். கடமை நேரத்துக்குப் பிறகு அவர்கள் அப்படிச் செய்ய அனுமதி உண்டு. ஊர் ஆஸ்பத்திரியை இரவு எட்டு மணிவரை திறந்துவைத்தாலே இந்தச் செலவில் பெரும் பகுதி மிஞ்சும் என்பது என் கணக்கு.

"இந்த மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள்" என்று துண்டு எழுதித் தருகிறார்களே?

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான்.

2022இல் நாட்டிடம் டொலர் இல்லாமல் போனது. நாம் பாவிக்கும் மருந்தில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து வருவது. அந்த வருடம் தட்டுப்பாடு எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகும் இடையிடையே வெட்டு விழுகிறது. அது மேல்மட்டத்துக் காரணம், அதில் நம் கையில் எதுவும் இல்லை.

நம் மட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் அடுத்த வருடத்துக்கு என்ன மருந்து எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு அனுப்பவேண்டும். எதை வைத்து மதிப்பிடுவார்கள்? போன வருடம் எவ்வளவு செலவானது என்பதை வைத்து. இப்போது கணக்கைப் பாருங்கள். எங்கள் பகுதியில் நூறு சீனி வருத்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் எண்பது பேர் நகரத்துக் கிளினிக்குக்குப் போகிறார்கள். ஊர் ஆஸ்பத்திரியின் பதிவில் இருபது பேர்தான். ஆகவே இருபது பேருக்குத்தான் மெட்போமின் என்ற சீனிக் குளிசை வரும். அடுத்த வருடம் நகரத்து வரிசை அலுத்துப்போய் முப்பது பேர் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் பத்துப் பேருக்கு மருந்து போதாது. அந்தப் பத்துப் பேர் "இங்கே மருந்தே இல்லை" என்று சொல்லிக்கொண்டு திரும்ப நகரத்துக்குப் போவார்கள். மதிப்பீடு பழையபடி இருபதுக்கு இறங்கும். மருந்து இல்லாததால் சனம் வருவதில்லை, சனம் வராததால் மருந்து வருவதில்லை. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு ஐயா சொன்னார், "மாஸ்டர், இது கோழியும் முட்டையும்." அப்படியேதான். முதலில் பதிவு செய்யுங்கள் என்று நான் நச்சரிப்பதற்கு இதுதான் காரணம். பெயர் இருந்தால்தான் மதிப்பீட்டில் உங்கள் குளிசைக்கு இடம் கிடைக்கும்.

வெளியில் வாங்கவேண்டி வந்தால், மருந்தின் கம்பனிப் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். உள்ளிருக்கும் மருந்தின் பெயரைச் சொல்லி, குறைந்த விலையில் எது இருக்கிறது என்று கேளுங்கள். பேராசிரியர் சேனக்க பிபிலே இந்த யோசனையை முன்வைத்துத்தான் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமாக இருந்தார். அதன் ஒசுசல கடைகளின் விலையை ஒருதரம் கேட்டு ஒப்பிட்டால் தெரியும். முக்கியமாக, காசு இல்லை என்று பிரஷர் குளிசையையோ சீனிக் குளிசையையோ ஒன்றுவிட்ட ஒருநாள் போடாதீர்கள். முடியவில்லை என்றால் டொக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், விலை குறைந்த வேறு மருந்துக்கு மாற்றித் தரக்கூடும்.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நான் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்?

வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டதா? அப்படியானால் போகவேண்டும். 2011இலிருந்து ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் என்று சிறிய ஆஸ்பத்திரிகளிலேயே நடத்துகிறார்கள். முதலில் நாற்பது வயதிலிருந்து என்று இருந்தது, பிறகு முப்பத்தைந்தாகக் குறைத்தார்கள். நிறை, உயரம், பிரஷர், வெறுவயிற்றுச் சீனி, கொழுப்பு பார்ப்பார்கள். அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரக்கூடிய அபாயம் எவ்வளவு என்று ஒரு அட்டவணையை வைத்துக் கணித்துச் சொல்வார்கள். வாயைத் திறக்கச் சொல்லியும் பார்ப்பார்கள். வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களுக்கு அது மிக முக்கியம், வாய்ப் புற்றுநோயை முதலிலேயே கண்டால் மாற்றலாம். முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் எடுக்காமல் போகவேண்டும். காலைத் தேத்தண்ணியும் கூடாது. "சீனி போடாமல்தான் குடித்தேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் ஒவ்வொரு கிழமையும் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். இந்தக் கிளினிக்குக்கு வருவது பெரும்பாலும் பெண்கள்தான். ஆண்கள் வருவதில்லை. மாரடைப்பு வந்து வீட்டில் கிடக்கிறவர்களில் ஆண்கள் எவ்வளவு என்று பார்த்தால் இது கவலைக்குரிய வேடிக்கை. மீன்பிடிக் கிராமம் ஒன்றில் காலை ஒன்பது மணிக்குக் கிளினிக் வைத்தால் யார் வருவார்? அந்த நேரம் அவர்கள் கரையில் வலையோடும் மீனோடும் நிற்பார்கள், இல்லாவிட்டால் நித்திரை.

பெண்களுக்குத் தனியாக ஏதும் உண்டா?

வெல் வுமன் கிளினிக் உண்டு, எம்.ஓ.எச். பணிமனை நடத்துவது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை, மார்பகப் பரிசோதனை எல்லாம் அங்கே இலவசம். எந்த நாள் என்று உங்கள் மிட்வைஃபைக் கேளுங்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை, 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். கையொப்பம் கேட்டுக் கடிதம் வந்தால் பயப்படாமல் போட்டுவிடுங்கள்.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. என்ன செய்வது?

திருகோணமலையில் இது தினசரிப் பிரச்சினை. இங்கே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கணிசமாக வாழ்கிறோம். டொக்டர்மார் நியமனம் நாடு தழுவிய சேவை, கொழும்பிலிருந்து வருவது. காலியிலோ குருநாகலிலோ பிறந்த ஒரு பிள்ளை முதல் நியமனம் எடுத்துக்கொண்டு ஈச்சிலம்பற்றுக்கு வரலாம். அவர் நல்லவராகவும் கெட்டிக்காரராகவும் இருப்பார். ஆனால் "அந்தரமாக இருக்கு" என்று ஒரு அம்மா சொன்னால் அதை அவர் எப்படி எடுப்பார்? நெஞ்சு அடைக்கிறதா, பயமா, மூச்சு முட்டுகிறதா? நம் சொல் ஒன்றில் மூன்று வருத்தம் ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் நிற்கிற மிஸ்ஸியோ, அதாவது தாதியோ, சிற்றூழியரோ மொழிபெயர்க்கிறார்கள். அவர்களுடைய புண்ணியத்தில்தான் பாதி வைத்தியம் நடக்கிறது. ஆனால் அது அவர்களுடைய வேலையாக எங்கும் எழுதப்படவில்லை.

1987இல் வந்த, அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. ஆகவே தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை, யாரிடமும் சலுகை கேட்பதில்லை. நடைமுறையில் நான் சொல்வது: எத்தனை நாளாக, எங்கே, எப்போது கூடுகிறது, இப்போது என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற நான்கையும் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய மருந்து மட்டைகளையும் எடுத்துப்போங்கள். மட்டையில் உள்ள பெயர் எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். மருந்து வாங்கியதும் எது காலை, எது இரவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று உறையில் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெண்கள் தங்கள் அந்தரங்க வருத்தத்தை எட்டு வயது மகனை வைத்து மொழிபெயர்த்துச் சொல்வதை நான் என் கண்ணால் பார்த்தேன். கொள்கை எழுதுகிறவர்கள் ஒருநாள் வந்து அந்தக் காட்சியைப் பார்க்கவேண்டும்.

நடு இரவில் நெஞ்சு நோவு வந்தால் ஊர் ஆஸ்பத்திரியா, நகரமா?

இரண்டையும் யோசித்துக்கொண்டு நிற்கவேண்டாம். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது, இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது. காசு இல்லை. எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். பாரிசவாதம், பாம்புக் கடி, விபத்து எல்லாவற்றுக்கும் இதே இலக்கம். அயலவரின் ஓட்டோவைத் தேடி ஓடுகிற அரை மணி நேரம்தான் பலருக்கு வினையாகிறது.

டெங்கு வந்தால்?

காய்ச்சல் முதல் இரண்டு நாளில் இறங்காவிட்டால் மூன்றாம் நாள் இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை செய்யவேண்டும். பரசிற்றமோல் தவிர வேறு வலிக் குளிசை கூடாது. ஐபுபுறோபன், டைக்லோபினாக் இரண்டும் ஆபத்து. 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு அடித்தபோது பாடசாலைகளை மூடவேண்டி வந்தது, ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை. அந்த வருடம் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். வீட்டு வளவில் தண்ணீர் தேங்கிய சிரட்டையைக் கவிழ்க்கச் சொல்லிப் பி.எச்.ஐ. வந்தால் முகத்தைச் சுளிக்கிறோம். அவரும் ஆரம்பப் பராமரிப்புத்தான், குளிசை தருகிறவர் மட்டும் இல்லை. மலேரியா ஞாபகம் இருக்கிறதா? 1934–35இல் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற வருத்தம். 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதைப் பெரியாஸ்பத்திரி செய்யவில்லை. வீடு வீடாகப் போய் மருந்தடித்தவர்களும் விரலில் குத்தி இரத்தம் எடுத்தவர்களும் செய்தார்கள்.

சித்த வைத்தியத்துக்குப் போகலாமா?

நம் மாவட்டத்தில் அதற்கும் அரச இடம் உண்டு. கப்பல்துறையில் ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. மூட்டு நோவுக்கும் முறிவு தெறிவுக்கும் பலர் போய்ச் சுகப்படுகிறார்கள். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சீனிக்கும் பிரஷருக்கும் ஆங்கில மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தவேண்டாம். இரண்டு வைத்தியருக்கும் மற்றவரின் மருந்தைச் சொல்லுங்கள்.

கிளினிக் கொப்பி தொலைந்துவிட்டது.

புதிதாகத் தருவார்கள், கொஞ்சம் ஏச்சும் விழும். இனிமேல் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

டொக்டர் இல்லை, மருந்து இல்லை என்றால் யாரிடம் முறையிடுவது?

இங்கேதான் சிக்கல். சிறிய ஆஸ்பத்திரிகள் மாகாண சபையின் கீழ் வருகின்றன, திருகோணமலையில் உள்ள பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் பொறுப்பில். போதனா வைத்தியசாலைகள் போன்ற பெரியவை கொழும்பு அமைச்சின் கீழ். டொக்டர் நியமனமும் கொழும்பில். ஆகவே கட்டிடம் ஒருவருடையது, டொக்டரை அனுப்புகிறவர் இன்னொருவர். ஒரு விஷயத்துக்கு இரண்டு கதவு தட்டவேண்டும். அதோடு கிழக்கு மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் நடந்தது 2012இல், அதன் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநரும் அதிகாரிகளும்தான். முன்பு மாகாண சபை உறுப்பினர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் போய் இருந்து சத்தம் போடலாம். அந்தத் திண்ணை இப்போது இல்லை.

எழுத்தில் கேளுங்கள். முதலில் ஆஸ்பத்திரிப் பொறுப்பதிகாரிக்கு, பிறகு பிராந்தியப் பணிப்பாளருக்கு. பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "இந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதிக்கப்பட்ட டொக்டர் எத்தனை, இப்போது இருப்பவர் எத்தனை, போன ஆறு மாதத்தில் எந்த மருந்து எத்தனை நாள் இருக்கவில்லை" என்று தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 14 வேலை நாளுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். ஏன், எதற்கு என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. ஒருதரம் இப்படிக் கேட்டோம். பதில் வர முன்னமே மருந்து வந்தது.

உங்கள் குழு என்னதான் செய்திருக்கிறது?

பெரிதாக ஒன்றும் இல்லை. கதிரை, மின்விசிறி, தண்ணீர்த் தாங்கி இப்படிச் சில. பிரயோசனமான வேலை என்று நான் நினைப்பது ஒன்று. சீனி, பிரஷர் கிளினிக் செவ்வாய்க்கிழமை காலையில் இருந்தது. எங்கள் பக்கத்துக் காலை பஸ் வந்து சேரும்போது வரிசை எண் துண்டு கொடுத்து முடிந்துவிடும். தூரத்துக் குடியிருப்பிலிருந்து வருகிற வயதானவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். அதைப் பல மாதம் யாரும் கவனிக்கவில்லை. நான் இரண்டு செவ்வாய்க்கிழமை வாசலில் நின்று எண்ணினேன், முதல்நாள் பதினொரு பேர், அடுத்த கிழமை ஒன்பது பேர். அந்த இரண்டு எண்ணையும் எழுதி டொக்டரிடம் கொடுத்தோம். அவர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசுவார். தாளைப் பார்த்துவிட்டு, "ஏன் மாஸ்டர், முந்தியே சொல்லல்ல?" என்று கேட்டார். இப்போது பஸ் வந்து இருபது நிமிடம் கழித்துத்தான் துண்டு கொடுக்கிறார்கள்.